கேளுங்கள், சொல்கிறோம்: கார் டயர்

இந்த முறை வந்த கடிதங்கள் முழுக்க டயர் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கோடையில் காற்றை இரண்டு, மூன்று பாயின்ட் குறைத்து வைக்கச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் ஹைவேயில் டயர் வெடித்துவிடுமாம். என் கார் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் 33 என்று இருக்கிறது. டயரிலோ 51 என்று அச்சடித்திருக்கிறார்கள். எதைத்தான் பிடிப்பது?
– வாசகர், வேலூர்

33 பிடியுங்கள். கத்திரி வெயிலானாலும் மார்கழிக் குளிரானாலும் அதே 33தான். ஸ்டிக்கரில் இருப்பது உங்கள் காரின் எடைக்கும் சஸ்பென்ஷனுக்கும் ஏற்ப கார் கம்பெனி சொன்ன அளவு. டயரில் இருக்கும் 51, அந்த டயர் குளிர்ந்த நிலையில் தாங்கும் உச்ச வரம்பு. அதே டயரை வேறு ஐந்தாறு மாடல் கார்களிலும் மாட்டுவார்கள். எந்தக் காருக்கு எவ்வளவு காற்று என்பதை அந்த எண் சொல்லாது.

கோடையில் வெடிக்கும் டயர்களில் பெரும்பாலானவை காற்று குறைவாக ஓடியவை. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடங்கி நிமிரும். 62 செ.மீ. விட்டமுள்ள டயர் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வினாடிக்குச் சுமார் 14 முறை சுற்றுகிறது. அத்தனை மடக்கலும் சூடாக மாறுகிறது. சூடு ஏற ஏற, ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூல், ஸ்டீல் பெல்ட் ஆகியவற்றுக்கும் இடையிலான ஒட்டு விடத் தொடங்கும். ஒரு கட்டத்தில் பெல்ட் பிரிந்து டயர் கிழிகிறது. கோடைக்காக 3 பாயின்ட் குறைப்பவர், எதைக் கண்டு பயந்தாரோ அதற்கே வழி செய்து கொடுக்கிறார்.

ஸ்டிக்கர் அளவு குளிர்ந்த டயருக்கானது. வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது 2 கி.மீ.க்குள்தான் ஓடியிருக்க வேண்டும். டயருக்குள் வெப்பம் 20 டிகிரி ஏறினால் காற்றழுத்தம் சுமார் 3 பிஎஸ்ஐ (பாயின்ட் என்று சொல்வது இதைத்தான்) ஏறும். ஹைவேயில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு 4 முதல் 6 வரை கூடுவது சகஜம். டயரை வடிவமைத்தவர்கள் இதையும் கணக்கில் எடுத்துத்தான் செய்திருக்கிறார்கள். பங்க்கில் 38 காட்டியதைப் பார்த்து 33-க்கு இறக்கினால், மறுநாள் காலை உங்கள் டயரில் 28தான் இருக்கும். சூடாக இருக்கும்போது பிடித்தே தீர வேண்டும் என்றால் ஸ்டிக்கரைவிட 3, 4 கூட்டிப் பிடித்துக்கொண்டு, காலையில் வீட்டிலேயே சரிபாருங்கள். அதற்கு ஒரு காற்றுமானி சொந்தமாக இருக்க வேண்டும். பங்க்குக்குப் பங்க் மெஷின் வேறு வேறு கணக்குக் காட்டும். ஒரே மானியில் தொடர்ந்து பார்த்தால்தான் எந்த டயர் இறங்குகிறது என்று பிடிபடும்.

ஐந்து பேரும் சாமான்களுமாகப் போகும்போது ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்கென்று போட்டிருக்கும் இரண்டாவது அளவைப் பாருங்கள். பல கார்களில் பின் டயருக்கு அது கூடுதலாக இருக்கும்.

ஊட்டிக்குப் போகும் முன் காற்றைக் குறைக்க வேண்டுமா? மலை மேல் காற்றழுத்தம் குறைவு என்பதால் டயர் உப்பிவிடும் என்கிறாரே நண்பர்.
– வாசகி, ஈரோடு

நண்பர் சொல்வதில் பாதி சரி. மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ குறைகிறது. மானி அந்த அளவுக்குக் கூட்டிக் காட்ட வேண்டும். ஆனால் கீழே 35 டிகிரியில் இருந்த டயர் மேலே 15 டிகிரிக்குக் குளிரும்போது அதே 3 பிஎஸ்ஐ இறங்கிவிடும். ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகிறது. ஒன்றும் செய்ய வேண்டாம். இறக்கத்தில் கவனிக்க வேண்டியது பிரேக்கை. இரண்டாவது கியரில் இறங்காமல் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் டிஸ்க்கின் சூடு ரிம் வழியாக டயருக்கும் ஏறும்.

நைட்ரஜன் பிடித்தால் மைலேஜ் கூடுமா?
– வாசகர், கரூர்

நாம் பிடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். தனி நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாகக் கசியும், ஈரப்பதம் இல்லாமல் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். சூட்டில் அதுவும் காற்றைப் போலவே விரியும். இலவசமாகக் கிடைத்தால் பிடியுங்கள். நைட்ரஜன் போட்ட டயரில் சாதாரணக் காற்றைக் கலக்கக்கூடாது என்று நினைத்து 26 பிஎஸ்ஐயிலேயே ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். தாராளமாகக் கலக்கலாம், ஒன்றும் ஆகாது.

ஒரு டயரில் மட்டும் இரண்டு வாரத்துக்கு 8 பாயின்ட் இறங்குகிறது. மூன்று பஞ்சர் கடையில் காட்டிவிட்டேன். ஆணி எதுவும் இல்லை என்கிறார்கள்.
– வாசகர், தூத்துக்குடி

நல்ல டயரிலும் மாதத்துக்கு 1 முதல் 2 பிஎஸ்ஐ ரப்பர் வழியாகவே வெளியேறும். உங்களுடையது அதைவிடப் பல மடங்கு அதிகம்; எங்கோ வழி இருக்கிறது. கடைக்காரர் பட்டன் பகுதியை, அதாவது தரையில் படும் பள்ளம் வெட்டிய பகுதியை மட்டும் பார்த்திருப்பார். கசியக்கூடிய இடம் இன்னும் மூன்று இருக்கிறது.

முதலில் வால்வு. மூடியைக் கழற்றி வாயில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வையுங்கள். குமிழி மெல்ல உப்பினால் உள்ளே இருக்கும் வால்வு ஊசி லூஸ், அல்லது அதன் சீல் போய்விட்டது. ஊசியை வால்வு சாவியால் லேசாக முறுக்கிப் பாருங்கள்; நிற்காவிட்டால் மாற்றுங்கள், சில்லறைக் காசில் முடியும் வேலை. அடுத்து வால்வின் ரப்பர் தண்டை விரலால் பக்கவாட்டில் வளைத்து, அடிப்பகுதியில் சோப்புத் தண்ணீர் விடுங்கள். வெடிப்பு இருந்தால் வளைக்கும்போதுதான் தெரியும். தண்டை மாற்ற டயரை ரிம்மிலிருந்து கழற்ற வேண்டும். அதனால்தான் புது டயர் போடும்போதே ரப்பர் வால்வையும் மாற்றிவிடச் சொல்கிறோம். பழைய வால்வோடு புது டயர் மாட்டுவது வீண் சிக்கனம்.

இரண்டாவது, டயர் விளிம்பு ரிம்மோடு உட்காரும் இடம். தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் எங்கள் முதல் சந்தேகம் இதன்மேல்தான். இரும்பு ரிம் அங்கே துருப்பிடிக்கும். அலாய் என்றால் பெயின்ட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி பூத்து மேடு தட்டும். மயிரிழை இடைவெளி போதும், காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். உட்பக்க விளிம்பை வண்டியில் மாட்டியபடி சோதிக்க முடியாது. சக்கரத்தைக் கழற்றி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முழுக முக்கிவிட்டுப் பொறுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள். மெதுவான கசிவில் ஒரு குமிழி வர அரை நிமிடம்கூட ஆகலாம். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் அது கண்ணில் படாது. மூன்று கடையிலும் தப்பியதற்குக் காரணம் இந்த அவசரமாக இருக்கலாம்.

இடம் தெரிந்துவிட்டால், டயரைக் கழற்றி ரிம் விளிம்பை ஒயர் பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்து, டயர் விளிம்பையும் துடைத்து, பீட் சீலர் என்ற கருப்புத் திரவத்தை மெல்லிதாகப் பூசி மாட்ட வேண்டும். கிரீஸ் தடவுவது தப்பு, ரப்பரைக் கெடுக்கும்.

மூன்றாவது, அலாய் ரிம்மின் உட்புற வளையத்தில் விரிசல். பள்ளத்தில் விழுந்த சக்கரத்தில் இது வரும். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள். சுமை தாங்கும் இடம் அது, சூடு பட்டால் அலாயின் வலு போய்விடும். ரிம்மையே மாற்றுங்கள்.

பின் டயரில் ஏற்கெனவே மூன்று பஞ்சர். எல்லாமே வெளியிலிருந்து குத்திச் செருகும் ரப்பர் ஸ்ட்ரிப். இதோடு சென்னை வரை போகலாமா? மஷ்ரூம் பேட்ச் என்கிறார்களே, அது தேவையா?
– வாசகர், திண்டுக்கல்

நடு ரோட்டில் நின்ற வண்டியைக் கிளப்ப ஸ்ட்ரிப்பைப் போல உதவுவது வேறில்லை. டயரைக் கழற்ற வேண்டாம், பத்து நிமிட வேலை. அதன் குறை என்னவென்றால் டயருக்குள் என்ன நடந்திருக்கிறது என்று யாருமே பார்க்கவில்லை. காற்று இறங்கிய பின்னும் 2, 3 கி.மீ. ஓட்டியிருந்தால், உட்புறப் பக்கச்சுவர் மடங்கி உரசி ரப்பர் கருப்புப் பொடியாக உதிர்ந்திருக்கும். வெளியே பார்த்தால் டயர் புதுசு மாதிரி இருக்கும். அந்தப் பொடி இருந்தால் எந்தப் பேட்ச்சும் உதவாது, டயரை ஒதுக்க வேண்டியதுதான். அடுத்த குறை, ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீர் ஸ்டீல் பெல்ட்டைத் துருப்பிடிக்க வைக்கும். ஸ்ட்ரிப் காற்றை அடைக்கிறது. வெளிப்பக்கமிருந்து வரும் ஈரத்தை எல்லா நேரமும் அடைக்காது.

மஷ்ரூம் பேட்ச்சில் காம்பும் குடையும் சேர்ந்தே இருக்கும். காம்பு ஓட்டையை நிரப்பும், குடை உட்புறம் ஒட்டிக்கொள்ளும். முறையாகச் செய்தால் டயரின் மிச்ச ஆயுள் முழுக்க நிற்கும். ஆனால் முறையாகச் செய்பவர் குறைவு. எனவே கூடவே நின்று இவற்றைப் பாருங்கள்: ஓட்டை போன கோணத்திலேயே கட்டர் விட்டுச் சுத்தம் செய்கிறாரா, உட்புற ரப்பரைச் சுரண்டி மெருகு நீக்கித் தூசியைத் துடைக்கிறாரா, சொல்யூஷன் தடவி, அது காய்ந்து விரலில் லேசாகப் பிசுபிசுக்கும்வரை காத்திருக்கிறாரா (ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் ஒரு மாதத்தில் கிளம்பிவிடும்), காம்பை வெளியே இழுத்த பிறகு குடையை உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்க்கிறாரா. கடைசியில் வெளியே நீட்டிய காம்பை பட்டன் மட்டத்துக்கு வெட்டி, சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்து, பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன் செய்வது) செய்து மாட்ட வேண்டும்.

எல்லை இரண்டு. ஓட்டை 6 மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது. இடம் பட்டன் பகுதியின் நடுவாக இருக்க வேண்டும். தோள் ஓரமோ (பட்டனும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பு) பக்கச்சுவரோ என்றால் பேட்ச் இல்லை, ஸ்ட்ரிப் இல்லை, டயர் மாற்றம்தான். பக்கச்சுவர் ஓயாமல் மடங்கும் இடம், அங்கே எதுவும் ஒட்டி நிற்காது.

உங்கள் டயரைக் கழற்றி உட்புறம் பாருங்கள். பொடி இல்லை, மூன்று ஓட்டையும் ஒன்றையொன்று தொடாத தூரத்தில் இருக்கின்றன என்றால் மூன்றுக்கும் மஷ்ரூம் வைத்துக்கொண்டு சென்னை போகலாம். இரண்டு ஓட்டைகளின் பேட்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இருந்தால் வேண்டாம்.

வால்வு வழியாக ஊற்றும் சீலன்ட் திரவத்தை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றிய பிறகு பெரும்பாலும் மணிக்கு 80 கி.மீ.தான் வரம்பு. அடுத்த பஞ்சர் கடையில், உள்ளே திரவம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கழுவித் துடைத்த பிறகுதான் பேட்ச் ஒட்டும்.

முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் மொட்டையாகிவிட்டன, 25,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் நன்றாகத் தெரிகிறது. 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை அலைன்மென்ட் செய்கிறேன். வண்டியும் நேராகத்தான் போகிறது. டயர் கம்பெனியின் குறையா?
– வாசகர், திருப்பூர்

அநேகமாக இல்லை. டயர் தன் நோயைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு தோளும் தேய்ந்து நடு மேடாக நின்றால் காற்று குறைவு. வட்டத்தைச் சுற்றி இங்கொரு பள்ளம் அங்கொரு பள்ளமாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது, அல்லது பேலன்ஸ் இல்லை. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் கோணம் தப்பு. அந்தக் கோணத்தில் இரண்டு வகை உண்டு: மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது டோ, முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர்.

உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒரு பக்கமிருந்து மறுபக்கம் தடவுங்கள், பிறகு எதிர்த்திசையில் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் சொரசொரப்பாகவும் இருந்தால் டோ தப்பு. இரண்டு திசையிலும் வழுவழுப்பு, ஆனால் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால் கேம்பர்.

வண்டி நேராகப் போவதை வைத்து டோ சரி என்று சொல்ல முடியாது. இரண்டு முன் சக்கரமும் ஒரே அளவுக்கு வெளிநோக்கித் திரும்பியிருந்தால் ஒன்றின் இழுப்பை இன்னொன்று சமன் செய்துவிடும். ஸ்டீயரிங் நேராகவே இருக்கும், இரண்டு டயரின் உள்ஓரமும் தேயும். ஒரு சக்கரம் வெறும் 0.1 டிகிரி கோணலாக இருந்தாலும் 1 கி.மீ. ஓட்டத்துக்கு அதன் டயர் சுமார் 1.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 25,000 கி.மீ.க்கு சுமார் 43 கி.மீ. தரையில் தேய்த்த கணக்கு.

அப்படியென்றால் அலைன்மென்ட் செய்தும் ஏன் தப்பு? முதலில் வண்டியைத் தூக்கி ஆட்டிப் பார்க்க வேண்டும். சக்கரத்தை மூன்று மணி, ஒன்பது மணி இடத்தில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் தேய்ந்திருக்கிறது. பன்னிரண்டு, ஆறு மணி இடத்தில் ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறதா என்று கம்பியால் நெம்பிப் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று லூஸாக இருந்தாலும் மெஷினில் நின்றபோது வந்த கோணம் ஓடும்போது நிற்காது. லூஸான உதிரியை மாற்றாமல் அலைன்மென்ட்டுக்குக் கொடுக்கும் காசு தண்ணீரில் போட்டதுதான்.

அடுத்து, பல கார்களில் முன் கேம்பரைத் திருக வசதியே கிடையாது. கடையில் திருகுவது டோவை மட்டும். கேம்பர் வரம்புக்கு வெளியே என்று மெஷின் சிவப்பில் காட்டினால், பள்ளத்தில் விழுந்து ஸ்ட்ரட்டோ லோயர் ஆர்மோ வளைந்திருக்கலாம். எனவே வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவை அச்சடித்துக் கேட்டு வாங்குங்கள். நான்கு சக்கரத்தின் எண்ணும் அதில் இருக்க வேண்டும். மெஷினில் ஏற்றும் முன் நான்கிலும் காற்று சரிபார்க்காத கடை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இனி 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை டயர்களை இடம் மாற்றுங்கள். முன் சக்கர டிரைவ் என்றால் முன் டயர்கள் நேராகப் பின்னே, பின் டயர்கள் குறுக்காக முன்னே. சுழலும் திசை அம்புக்குறி போட்ட டயர் என்றால் அதே பக்கத்துக்குள் முன் பின் மட்டும். கழற்றும் அன்றைக்கு உள்ஓரத்தையும் பார்த்துவிடலாம்.

டயரின் பக்கத்தில் ஒரு இடம் லேசாக உள்ளே அமுங்கியிருக்கிறது, இன்னொன்றில் எலுமிச்சை அளவு புடைப்பு. இரண்டும் ஆபத்தா?
– வாசகி, சென்னை

அமுங்கல் பெரும்பாலும் பிறவிக் குணம். உள்ளே நூல் அடுக்கின் இரு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் சுவர் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். காற்று ஏற்றியதும் மற்ற இடம் உப்ப, அந்த இடம் மேலிருந்து கீழாக ஒரு மென்மையான பள்ளக் கோடாகத் தெரியும். அதனால் கெடுதல் இல்லை.

புடைப்பு வேறு கதை. பள்ளத்திலோ வேகத்தடையிலோ டயர் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கி, உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்துவிட்டன. அந்த இடத்தில் இப்போது காற்றைத் தாங்குவது ரப்பர் மட்டும். வெடிப்பது இன்றைக்கா ஆறு மாதம் கழித்தா என்று யாராலும் சொல்ல முடியாது. ரிப்பேர் கிடையாது. இன்றே ஸ்டெப்னியை மாட்டி, புது டயர் வாங்குங்கள். அடிபட்டு வந்த சேதம் என்பதால் வாரன்டியில் பொதுவாக ஏற்க மாட்டார்கள். புது டயர் போடும்போது ரிம் வளைந்திருக்கிறதா என்று மெஷினில் சுற்ற விட்டுப் பாருங்கள்.

பழைய டயர் கடையில் நல்ல பட்டனோடு பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? தயாரித்த தேதியை எப்படிப் பார்ப்பது?
– வாசகர், திருச்சி

தேதி முதலில். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள். 2322 என்றால் 2022-ம் ஆண்டின் 23-வது வாரம். சில டயர்களில் இது ஒரு பக்கம்தான் இருக்கும். மாட்டிய பிறகு அது உள்பக்கம் போய்விட்டால் குனிந்து டார்ச் அடித்துத் தேட வேண்டும். ஐந்து வருடம் கடந்த டயரை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பரிசோதிக்கவும், பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருடத்தில் மாற்றிவிடவும் பெரிய டயர் கம்பெனிகள் சில சொல்கின்றன. ஓடாமலே டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும். நம் ஊர் வெயிலில் நிற்கும் காருக்குப் பத்து வருடம் அதிகம் என்பது எங்கள் கருத்து.

புது கார் டயரில் பட்டன் ஆழம் 7 முதல் 8 மி.மீ. இருக்கும். பள்ளங்களின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் சட்டப்படியே டயர் முடிந்தது. மழையில் நிறைய ஓட்டுபவர் 3 மி.மீ.யிலேயே மாற்றுவது நல்லது; அதற்குக் கீழே தண்ணீரை வெளியேற்றும் இடம் மிகக் குறைவு, நனைந்த ரோட்டில் பிரேக் தூரம் வேகமாகக் கூடும்.

பாதி விலை டயரில் தேட வேண்டியது இந்த மேடுகளைத்தான். மொட்டை டயரில் சூடான கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி, கருப்பு பாலிஷ் அடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். வெட்டியதில் மேடு காணாமல் போயிருக்கும், பள்ளத்தின் ஆழம் இடத்துக்கு இடம் மாறும், ஓரங்கள் கூர்மையாக இருக்கும். சில லாரி டயர்களை வெட்டுவதற்கென்றே அடியில் கூடுதல் ரப்பரோடு செய்கிறார்கள். கார் டயரில் அது கிடையாது. வெட்டினால் ஸ்டீல் பெல்ட்டுக்கு மேல் சவ்வு போல ரப்பர்தான் மிஞ்சும். உட்புறம் பார்க்க விடாத கடையில் பழைய டயர் வாங்காதீர்கள்.

பட்ஜெட் இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது. முன் சக்கர டிரைவ் கார். புதுசை முன்னால்தானே போட வேண்டும்?
– வாசகர், நாகர்கோவில்

பின்னால் போடுங்கள். கேட்க விநோதமாக இருக்கும். பல கடைக்காரர்களே முன்னால் மாட்டிவிடுவார்கள். நனைந்த வளைவில் முன் டயர் பிடி விட்டால் வண்டி திரும்பாமல் நேராகப் போகும். ஆக்சிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைக்கும். பின் டயர் பிடி விட்டால் வண்டி பம்பரமாகச் சுழலும்; அதைச் சாதாரண ஓட்டுநர் திருத்தவே முடியாது. ஒரே அச்சில் இரண்டும் ஒரே அளவு, ஒரே மாடலாக இருக்கட்டும்.

185/65 ஆர்15 போட்ட காரில் 205/65 போட்டால் கம்பீரமாக இருக்குமே?
– வாசகர், சேலம்

185 என்பது மி.மீ.யில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் சுவர் உயரம் என்பது, 15 ரிம்மின் அங்குலம். கணக்குப் போட்டால் உங்கள் டயரின் விட்டம் 621.5 மி.மீ., 205/65 ஆர்15-ன் விட்டம் 647.5 மி.மீ. 4.2 சதவீதம் பெரிசு. 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. தாண்டினால் ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறும், முழுக்கத் திருப்பும்போது ஃபெண்டரில் உரசும், இழுவை குறையும். 195/65 என்றால் 634.5, அதாவது 2.1 சதவீதம், 195/60 என்றால் 615, ஒரு சதவீதம் சின்னது. இரண்டும் வரம்புக்குள் வரும். கம்பெனிகள் எப்படிச் செய்கின்றன என்று பாருங்கள்: மாருதி ஸ்விஃப்ட்டில் கீழ் வேரியன்ட்டுக்கு 165/80 ஆர்14, மேல் வேரியன்ட்டுக்கு 185/65 ஆர்15. ரிம் ஒரு அங்குலம் பெரிசானாலும் விட்டம் 2 மி.மீ.தான் மாறுகிறது. உங்கள் மாடலின் மேல் வேரியன்ட் அளவே பாதுகாப்பான தேர்வு.

அளவுக்குப் பின்னால் வரும் 88ஹெச் போன்றதையும் பாருங்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். ஹெச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. பழையதைவிட இது குறைந்துவிடக்கூடாது.

80-க்கு மேல் போனால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, 110-ல் நின்றுவிடுகிறது.
– வாசகர், விழுப்புரம்

பேலன்சிங். ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின் சக்கரம். ரிம்மில் ஒட்டிய எடை விழுந்திருக்கலாம்; உட்புறம் சேறு காய்ந்து ஒட்டியிருந்தாலும் இதே நடுக்கம் வரும், முதலில் கழுவிப் பாருங்கள். ஒரு சக்கரத்துக்கு 60, 70 கிராமுக்கு மேல் எடை கேட்டால் எடையை அடுக்கிக்கொண்டே போக விடாதீர்கள். டயரை ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பி மாட்டினால் தேவை பாதியாகக் குறையலாம். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது எடை குறைந்த இடம். வால்வுக்கு நேராக வைத்து மாட்ட வேண்டும். பேலன்ஸ் சரியான பிறகும் நடுங்கினால் ரிம் வளைவு, அல்லது டயருக்குள் பெல்ட் பிரியத் தொடங்கியிருக்கிறது.

மகன் துபாயில். கார் வீட்டில் மாதக்கணக்கில் நிற்கிறது. டயர் வெடிப்பு விடுகிறது. தினமும் பாலிஷ் போட்டால் தடுக்குமா?
– வாசகர், காரைக்குடி

ரப்பரில் வெடிப்பைத் தடுக்கும் மெழுகு கலந்திருப்பார்கள். டயர் ஓடி மடங்கும்போதுதான் அது மேற்பரப்புக்கு வரும். நின்ற காரின் டயர் சீக்கிரம் வெடிப்பு விடுவது இதனால்தான். பெட்ரோலியம் கலந்த பளபளப்பு பாலிஷ், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் அந்த மெழுகையே கரைத்துவிடும். தண்ணீரும் ஷாம்பூவும் போதும். ஸ்டிக்கரைவிட 4, 5 பிஎஸ்ஐ கூட்டி வைத்து, நிழலில் நிறுத்தி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 கி.மீ. ஓட்டச் சொல்லுங்கள். என்ஜினை மட்டும் கிளப்பி அணைப்பதால் டயருக்கு ஒரு பயனும் இல்லை. மகன் வந்து வெளியூர் கிளம்பும் முன் காற்றை ஸ்டிக்கர் அளவுக்கு இறக்க வேண்டும். வெடிப்புக்குள் நூல் தெரிந்தால் டயரை மாற்றுங்கள்.

ஸ்டெப்னி மாற்ற முயன்றேன், நட்டு அசையவே இல்லை. டயர் கடையில் ஏர் கன்னால் முடுக்கியது.
– வாசகி, தஞ்சாவூர்

கன்னை வைத்துக் கடைசி வரை முடுக்குவது கடைக்காரருக்கு வசதி, உங்களுக்குத் தொல்லை. அதிகம் முடுக்கினால் போல்ட் நீளும், பிரேக் டிஸ்க் கோணும். சின்னக் கார்களுக்கு நட்டை முடுக்க வேண்டிய அளவு பொதுவாக 85 முதல் 125 நியூட்டன் மீட்டர். சரியான எண் உங்கள் கார் கையேட்டில் இருக்கிறது. 25 செ.மீ. ஸ்பேனரின் முனையில் 40 கிலோ எடையை வைத்தால் கிட்டத்தட்ட 100 நியூட்டன் மீட்டர். அடுத்த முறை கன்னால் லேசாக ஓட்டிவிட்டு, முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முடிக்கச் சொல்லுங்கள்.

இறுகிய நட்டுக்குக் கையை நம்பாதீர்கள். ஸ்பேனர் பிடி இடப்பக்கம் கிடைமட்டமாக இருக்கும்படி நட்டில் மாட்டி, காலால் கீழ்நோக்கி மிதியுங்கள். ஒன்றரை அடி இரும்புக் குழாய் ஒன்று டிக்கியில் இருந்தால் பிடியில் செருகலாம், வேலை இன்னும் சுலபம். இதெல்லாம் சக்கரம் தரையில் இருக்கும்போதே. ஹேண்ட் பிரேக் போட்டு, குறுக்கே எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் வைத்து, எல்லா நட்டையும் ஒரு சுற்றுத் தளர்த்திய பிறகுதான் ஜாக்கி. ஜாக்கி வைக்கும் இடம் கதவுக்கு அடியில், சக்கரத்தை ஒட்டி இரண்டு வெட்டுக்கு நடுவே. வேறு இடத்தில் வைத்தால் தகடு மடங்கும். நட்டு எல்லாம் வந்தும் சக்கரம் வரவில்லை என்றால் நடுவில் துரு. டயரின் பின்பக்கத்தைக் குதிகாலால் இரு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டுங்கள். மாட்டும் முன் அந்தத் துருவைச் சுரண்டிவிடுங்கள்; நட்டுக்கு எண்ணெய், கிரீஸ் வேண்டாம். எதிரெதிராக முடுக்கி, வண்டியை இறக்கிய பிறகு முழு முடுக்கு, 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை.

உங்கள் ஸ்டெப்னி மற்ற டயரைவிடச் சின்னது என்றால் அதன்மேல் 80 கி.மீ. வேக வரம்பு எழுதியிருக்கும். மிக ஒல்லியான வகைக்கு 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும். பஞ்சர் கடையில் பழக்கத்தில் 33 பிடித்துவிடுவார்கள், சொல்லிப் பிடியுங்கள். புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள். 2020-ல் வந்த விதித் திருத்தப்படி, ட்யூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் டிபிஎம்எஸ்ஸும் ரிப்பேர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தராமலே காரை விற்கலாம். அப்படிப்பட்ட காரில் பக்கச்சுவர் கிழிந்தால் கிட் உதவாது, டோயிங் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும்.